பொய்த் துடிப்பு: நினைவகச் சிப் பேசும்போது எப்போது காது கொடுப்பது?

நினைவகத்திலிருந்து எட்டு எண்களைக் கேட்கிறீர்கள். 1, 2, 3 என்று 8 வரை வரவேண்டும். வந்து சேர்ந்ததோ குப்பை, குப்பை, 1, 2, 3, 4, 5, 6. அடுத்த எட்டைக் கேட்டால் முதலில் பழைய 7, 8 வருகின்றன. அப்புறம்தான் புதியதின் முதல் ஆறு. அதற்கடுத்த முறையும் இதே கதை. நினைவகத்தில் எந்த எண்ணும் சிதையவில்லை. எல்லாம் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். கருவியை அணைத்துப் போடும்வரை இது தானாகச் சரியாவதில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு நானோ வினாடிகூட நீடிக்காத ஒரு துடிப்பு. யாரும் அனுப்பாத துடிப்பு. கம்பியில் தானாக எழுந்து தானாக அடங்கியது. எதிர்முனையில் இருந்த சுற்று அதை உண்மை என்று நம்பி ஒரு முறை கூடுதலாக எண்ணிவிட்டது. இப்படி வரும் பொய்த் துடிப்பைத்தான் மின்னணுத் துறையில் கிளிட்ச் என்கிறார்கள். நினைவகத்துக்கும் அதைப் படிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே இந்தக் கிளிட்சை எப்படித் தடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. டிஜிட்டல் சுற்றில் உயர்நிலை, தாழ்நிலை என்று இரண்டு நிலைகள் உண்டு, ஃப்ளிப்-ஃப்ளாப் என்பது ஒரு பிட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உறுப்பு என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கிளிட்ச் எங்கிருந்து வருகிறது?

முதல் ஊற்று, சுற்றின் உள்ளேயே இருக்கிறது. ஒரே சிக்னல் இரண்டு வழிகளில் பிரிந்து போய் மறுபடி ஓரிடத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழியில் ஒரு கேட், அதாவது ஒரு சிறு தர்க்கச் சுற்று, கூடுதல். அதனால் அந்தப் பக்கம் சற்றுத் தாமதமாக வருகிறது. இரண்டு உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மல்டிபிளெக்சர் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு உள்ளீடுகளும் உயர்நிலையில் இருக்கின்றன. தேர்வுக் கம்பி மட்டும் மாறுகிறது. கணக்குப்படி வெளியீடு அசையவே கூடாது. ஆனால் பழைய பக்கம் மூடியபின் புதிய பக்கம் திறப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் வெளியீடு ஒருமுறை கீழே விழுந்து எழுகிறது. பூலியன் சமன்பாட்டில் இந்தப் பள்ளம் கிடையாது. சமன்பாட்டுக்கு நேரம் என்ற ஒன்றே தெரியாதே!

இரண்டாவது ஊற்று கம்பி. பக்கத்துக் கம்பியில் சிக்னல் பாயும்போது இங்கேயும் ஒரு சலனம் தெரியும். கம்பியின் முனையில் மின்தடை சரியாகப் பொருந்தாவிட்டால் போன அலை எதிரொலித்துத் திரும்பி வந்து, ஏறிக்கொண்டிருக்கும் சிக்னலில் ஒரு நெளிவை உண்டாக்கும். அந்த நெளிவு சரியாக நடுக்கோட்டின் மேல் விழுந்தால், ஒரே ஏற்றம் இரண்டு ஏற்றங்களாகத் தெரியும்.

மூன்றாவது ஊற்று, யாரும் பிடித்திராத கம்பி. இரண்டு பேர் மாறி மாறிப் பயன்படுத்தும் கம்பியை ஒருவர் விட்டுவிட்டார், இன்னொருவர் இன்னும் எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் கம்பி உயர்நிலையிலும் இல்லை, தாழ்நிலையிலும் இல்லை; மிதக்கிறது. நினைவகத்தைப் பொறுத்தவரை இதுதான் பெரிய தலைவலி. கொஞ்சம் பொறுங்கள், அதற்குத் திரும்பி வருவோம்.

எல்லாக் கிளிட்சும் கெடுதல் அல்ல

புதிதாகப் படிப்பவர்கள் கிளிட்ச் என்றதும் எல்லாக் கம்பிக்கும் வடிகட்டி போடக் கிளம்பிவிடுவார்கள். தேவையில்லை. இன்றைய டிஜிட்டல் சுற்றுகளில் பெரும்பாலானவை க்ளாக் துடிப்புக்கு ஏற்ப நடப்பவை. க்ளாக் ஏறும் அந்த ஒரு கணத்தில், அதைச் சுற்றிய மிகச் சிறிய நேரத்தில், தரவு நிலையாக இருந்தால் போதும். மற்ற நேரத்தில் அது எப்படித் துள்ளினாலும் ஃப்ளிப்-ஃப்ளாப் திரும்பிப் பார்க்காது. ஒரு பெருக்கல் சுற்றின் வெளியீட்டை அலைக்காட்டியில் பார்த்தால் விடை வருவதற்குள் பத்துத் தடவை மேலும் கீழும் போவது தெரியும். அதில் மின்சாரம்தான் கொஞ்சம் வீணாகும், விடை கெடாது.

ஆபத்து வேறு வகைக் கம்பிகளில் இருக்கிறது. க்ளாக், ரீசெட், எழுதச் சொல்லும் கம்பி, தரவை இப்போது பிடி என்று சொல்லும் ஸ்ட்ரோப் போன்றவற்றில் மாற்றம் நடப்பதே செய்தி. அங்கே ஒரு பொய் மாற்றம் வந்தால் அது ஒரு பொய்க் கட்டளை.

பழைய வகை ஸ்டாட்டிக் ராம் சிப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு க்ளாக் கிடையாது. முகவரிக் கம்பிகள், தரவுக் கம்பிகள், தாழ்ந்தால் எழுதச் சொல்லும் ஒரு கம்பி, அவ்வளவுதான். எழுதும் கம்பி தாழ்ந்திருக்கும்போது முகவரிக் கம்பிகள் ஒரு கணம் தடுமாறினால், நாம் தொட நினைக்காத வேறொரு அறையில் தரவு போய் விழுந்துவிடும். அதைக் காப்பாற்ற வழி அன்றே இருந்தது. முகவரி முதலில் மாறட்டும், தடுமாறி அடங்கட்டும், அடங்கியபின் எழுதும் கம்பியைத் தாழ்த்து, அதை உயர்த்திய பிறகே முகவரியை மறுபடி மாற்று. எந்தச் சிப்பை எழுப்புவது என்று முடிவுசெய்ய அந்தக் காலப் பலகைகளில் 74138 என்ற டீகோடர் அடிக்கடி இருக்கும். அதில் மூன்று அனுமதிக் கம்பிகள் உண்டு. முகவரி அடங்கும்வரை அந்த அனுமதியைக் கொடுக்காமல் வைத்திருந்தால் டீகோடர் தடுமாறினாலும் வெளியே தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இங்கே கிளிட்சை யாரும் அழிக்கவில்லை. அது உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது நடக்கும் நேரத்தில் யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டார்கள்.

அகலத்தை அளக்கும் வடிகட்டி

கிளிட்சை வடிகட்ட எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை வேறு. கிளிட்ச் குறுகலானது, உண்மையான துடிப்பு அகலமானது; ஆகவே குறுகலானதை ஒதுக்கு. வேகம் குறைந்த சுற்றுகளில் இது அருமையாக வேலை செய்யும்.

எளிய வழி, கம்பியில் ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். கெபாசிட்டரில் மின்னேற்றம் நிரம்பச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் கிளிட்ச் முடிந்துவிட்டால் மின்னழுத்தம் நடுக்கோட்டைத் தாண்டாது. ஆனால் இப்படி மழுங்கிய சிக்னல் நடுக்கோட்டை மெதுவாகக் கடக்கும்போது சிறு இரைச்சல்கூடப் பலமுறை கடந்ததுபோலக் காட்டிவிடும். அதனால் அடுத்து ஒரு ஷ்மிட் ட்ரிகர் வேண்டும். ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது அதைவிடத் தாழ்வான இன்னொரு கோடு என்று இரண்டு கோடுகளை வைத்திருக்கும் சுற்று அது. ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர் 1930-களில், மாணவராக இருந்தபோதே உருவாக்கியது. இன்றைக்கும் சிப்களில் அதே பெயரில்தான் இருக்கிறது.

சிப்புக்குள்ளேயே செய்ய இன்னொரு வழி. சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாமதப்படுத்தி, இரண்டையும் ஓர் அண்ட் கேட்டில் சேர்ப்பது. அண்ட் கேட் இரண்டு உள்ளீடும் உயர்ந்தால் மட்டுமே உயரும். தாமதம் 5 நானோ வினாடி என்றால், 3 நானோ வினாடித் துடிப்பின் தாமதமான பிரதி வந்து சேர்வதற்குள் மூலம் போய்விட்டிருக்கும். இரண்டும் சந்திக்காது, வெளியீடு அசையாது. 20 நானோ வினாடித் துடிப்பு வந்தால் 15 ஆகச் சுருங்கி வெளியே வரும். அந்தச் சுருக்கம் பிடிக்காதவர்கள் அண்ட் கேட்டுக்குப் பதில் சி-எலிமென்ட் என்ற சுற்றைப் போடுவார்கள். அது இரண்டு உள்ளீடும் ஒத்துப்போனால்தான் தன் நிலையை மாற்றும்; இல்லாவிட்டால் பழைய நிலையிலேயே நிற்கும். அப்போது ஏற்றம், இறக்கம் இரண்டும் ஒரே அளவு தாமதமாவதால் 20 என்பது 20 ஆகவே வரும். கூடவே உயர்நிலைக் கிளிட்ச், தாழ்நிலைக் கிளிட்ச் இரண்டுக்கும் அது ஒரே மருந்து.

க்ளாக் ஓடும் இடமாக இருந்தால் இன்னும் சுலபம்: தொடர்ந்து மூன்று க்ளாக் துடிப்புகளில் ஒரே நிலையைப் பார்த்தால்தான் நம்புவது. பொத்தானை அழுத்தும்போது வரும் அதிர்வை வடிகட்ட எல்லோரும் செய்வது இதைத்தான்.

சின்ன நினைவகச் சிப்களுக்கு இந்த அகல வடிகட்டி போதும். அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் சிறு ஈஈப்ராம் சிப்கள் பெரும்பாலும் ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் பேசும். 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஐ2சி சிப்களின் உள்ளீடு 50 நானோ வினாடி வரையிலான கூர்முனைகளை அடக்க வேண்டும் என்று அந்த விதிமுறையே சொல்கிறது. அங்கே ஒரு க்ளாக் சுற்று 2,500 நானோ வினாடி. அதில் 50 என்பது ஒன்றுமே இல்லை. தாராளமாக வடிகட்டலாம்.

ஒரு சங்கடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த அகல வடிகட்டியும் கத்தியால் வெட்டியதுபோல நடப்பதில்லை. 5 நானோ வினாடி எல்லை வைத்த இடத்தில் 5.1 நானோ வினாடிக் கிளிட்ச் வந்தால், அண்ட் கேட் அதை 0.1 நானோ வினாடித் துணுக்காக வெளியே விடப் பார்க்கும். வந்ததைவிட மோசமான கிளிட்ச் அது. எல்லைக்கு மிக அருகில் எதுவும் வராது என்று தெரிந்தால்தான் இந்த வடிகட்டியை நம்பலாம்.

டிடிஆரில் ஏன் இது எடுபடாது?

கணினியின் முதன்மை நினைவகத்துக்கு வருவோம். இன்றைக்கு அது டிடிஆர் என்ற வகை; டிடிஆர்2, 3, 4, 5 எல்லாம் அதன் அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆருக்கு முந்திய எஸ்டிராம் சிப்கள் 100, 133 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் ஓடின. எல்லோருக்கும் பொதுவான ஒரே க்ளாக். கன்ட்ரோலர் அதை வைத்தே தரவைப் பிடித்தது. 2000-இல், நினைவகச் சிப்களுக்கு விதிமுறை வகுக்கும் ஜெடெக் அமைப்பு டிடிஆர் விதிமுறையை வெளியிட்டபோது இரண்டு மாற்றங்கள் வந்தன. க்ளாக்கின் ஏற்றம், இறக்கம் இரண்டிலும் தரவு அனுப்பப்பட்டது. கூடவே, தரவோடு சேர்ந்து பயணம் செய்யும் தனி ஸ்ட்ரோப் கம்பி வந்தது. அதன் பெயர் டிக்யூஎஸ். தரவுக் கம்பிகள் டிக்யூ. பொதுவாக எட்டு டிக்யூவுக்கு ஒரு டிக்யூஎஸ்.

ஒருவர் எண்களை வாய்விட்டுச் சொல்கிறார். ஒவ்வொரு எண்ணுக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். நீங்கள் தட்டும் கணத்தில் காதில் விழுந்ததை எழுதிக்கொள்கிறீர்கள். டிக்யூஎஸ் அந்தத் தட்டு. சொல்பவர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் குரலும் தட்டும் ஒன்றாக வந்து சேர்வதால் கணக்குத் தவறாது. வேகத்தைக் கூட்ட முடிந்ததே இதனால்தான்.

சிக்கலும் இதில்தான் பிறந்தது. டிக்யூஎஸ் இருவழிக் கம்பி. எழுதும்போது கன்ட்ரோலர் தட்டும், படிக்கும்போது நினைவகம் தட்டும். இருவரும் சும்மா இருக்கும்போது கம்பி மிதக்கும். டிடிஆர்3 வரை அந்தக் கம்பியின் முனைத்தடை அதை விநியோக மின்னழுத்தத்தின் சரிபாதியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதாவது டிடிஆர்3-இல் 1.5 வோல்ட்டில் 0.75. உயர்வா தாழ்வா என்று முடிவுசெய்யும் நடுக்கோடும் சரியாக அதுவேதான்! கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கம்பியில் தூசி அளவு இரைச்சல் வந்தாலும் பெறும் சுற்று ஏற்றம், இறக்கம், ஏற்றம் என்று உளறத் தொடங்கிவிடும்.

ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் இரட்டைக் கம்பியாக டிக்யூஎஸ்ஸை மாற்றினால் தீராதா என்று கேட்கலாம். டிடிஆர்2-இல் அது விருப்பத் தேர்வாக வந்தது, டிடிஆர்3-இல் கட்டாயமானது. ஓடும்போது ரொம்ப நல்லது. நிற்கும்போது? இரண்டு கம்பியும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும், வித்தியாசம் பூச்சியம், பெறும் சுற்று பார்ப்பதோ அந்த வித்தியாசத்தைத்தான். பழைய உளறலே மிச்சம். டிடிஆர்4-இல் முனைத்தடையை உயர் மின்னழுத்தத்தோடு இணைத்தார்கள். அங்கேயும் ஓய்வில் இரண்டு கம்பிகளும் சேர்ந்தே மேலே நிற்கின்றன, வித்தியாசம் அதே பூச்சியம்.

அப்படியானால் அகல வடிகட்டி? எண்களைப் பாருங்கள். டிடிஆர்4-3200 நினைவகத்தின் க்ளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுற்று 625 பிக்கோ வினாடி, அதாவது 0.625 நானோ வினாடி. டிக்யூஎஸ்ஸின் உண்மையான துடிப்பு ஒவ்வொன்றும் அதில் பாதி, 312 பிக்கோ வினாடி சொச்சம். மிதக்கும் கம்பியில் எழும் கிளிட்சும் அதே அளவில், சில சமயம் அதைவிட அகலமாகவே இருக்கும். அதை நிறுத்தும் வடிகட்டி உண்மையான துடிப்பையும் சேர்த்தே நிறுத்திவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. போதாததற்கு வடிகட்டியின் தாமதம் வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். தரவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஸ்ட்ரோப் தரவைவிட்டு விலகிப்போகும்.

ஆக, உருவத்தைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க முடியாத இடம் இது. மிச்சமிருப்பது நேரம் ஒன்றுதான். பழைய ஸ்டாட்டிக் ராம் பலகையில் பார்த்த அதே உத்தி: எப்போது தட்டு வர வேண்டும் என்று தெரியும், அப்போது மட்டும் காதைத் திற.

முன்னுரையும் பின்னுரையும்

நினைவகமும் இதற்கு ஒத்துழைக்கிறது. படிக்கும்போது முதல் தரவுக்கு முன்பே டிக்யூஎஸ்ஸைக் கையில் எடுத்து, டிடிஆர்3 வரை ஏறத்தாழ ஒரு க்ளாக் சுற்று தாழ்நிலையில் வைத்திருக்கும். இதைப் பிரீயாம்பிள் என்பார்கள். நாம் முன்னுரை என்று வைத்துக்கொள்வோம். பிறகு தட்டுகள். ஒரு முறைக்கு எட்டுத் தரவு என்றால் நான்கு ஏற்றம், நான்கு இறக்கம். கடைசி இறக்கத்துக்குப் பின் ஏறத்தாழ அரைச் சுற்று தாழ்நிலையிலேயே வைத்திருந்துவிட்டுக் கையை எடுக்கும். இது போஸ்ட்டாம்பிள், பின்னுரை.

கையை எடுத்த கணத்தில் என்ன நடக்கும்? தாழ்ந்திருந்த கம்பி நடுக்கோட்டை நோக்கி மெல்ல ஏறும். ஏறிக் கோட்டைத் தொட்டதும் பெறும் சுற்றுக்கு அது ஐந்தாவது ஏற்றமாகத் தெரியும். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த வில்லன் இதுதான்.

கன்ட்ரோலர் பிடித்த தரவுகளை ஒரு வரிசையில், ஃபிஃபோ என்ற அமைப்பில், அடுக்குகிறது. எந்த அறையில் போடுவது என்று சுட்டும் முள் டிக்யூஎஸ்ஸின் தட்டுகளால் நகர்கிறது. எந்த அறையிலிருந்து எடுப்பது என்று சுட்டும் முள் கன்ட்ரோலரின் சொந்த க்ளாக்கில் நகர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. இருவரும் சரியாக எண்ணுவார்கள் என்ற நம்பிக்கைதான். ஒரு பொய் ஏற்றமும் அதைத் தொடரும் பொய் இறக்கமும் போடும் முள்ளை இரண்டு அறை தள்ளிவிட்டால், எடுக்கும் முள் அதை அறியாது. அடுத்த படிப்பில் முதலில் வரும் இரண்டு குப்பையும் அந்த இரண்டு அறைகள்தான்.

கதவு

வழி எளிமையாகத்தான் தோன்றும். டிக்யூஎஸ் உள்ளே வரும் பாதையில் ஓர் அண்ட் கேட். அதன் மறு உள்ளீடு கதவு. முன்னுரையின் நடுவில் கதவைத் திற, பின்னுரைக்குள் மூடு. திறப்பதும் மூடுவதும் டிக்யூஎஸ் தாழ்ந்திருக்கும்போது நடப்பதால் கதவு அசைவது வெளியே தெரியாது. டிக்யூஎஸ் உயர்ந்திருக்கும்போது கதவை அசைத்தால், துடிப்பைப் பாதியில் நறுக்கிக் கதவே ஒரு கிளிட்சை உண்டாக்கிவிடும். வேலியே பயிரை மேய்ந்த மாதிரி. க்ளாக்கை அண்ட் கேட்டால் மறிக்கும் எந்தச் சுற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நாமே சுற்றை வடிவமைத்து ஏற்றிக்கொள்ளும் எஃப்பிஜிஏ சிப்களில் கைபழகும்போது பலரும் முதலில் தடுக்கி விழுவது இந்தக் கல்லில்தான்.

திறக்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பது ஒரு தனிப் பாடு. கன்ட்ரோலர் கேட்டது எப்போது என்று அதற்குத் தெரியும். பதில் எத்தனை க்ளாக் கழித்துப் புறப்படும் என்பதும் தெரியும். வழியில் ஆகும் நேரம் தெரியாது. வழக்கமான பலகையில் சிக்னல் ஒரு நானோ வினாடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. ஓடும். நினைவகம் 10 செ.மீ. கூடுதல் தொலைவில் இருந்தால் கேள்வி போக 0.67, பதில் வர 0.67. மொத்தம் 1.3 நானோ வினாடிக்கு மேல். 3200 வேகத்தில் அது இரண்டு முழுச் சுற்று! முன்னுரையோ ஒரு சுற்றுதான். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எழுதிவைத்தால் கதவு முந்திய குப்பையிலோ, முதல் தட்டு போன பிறகோ திறக்கும்.

செல்பேசிகளில் இருக்கும் எல்பிடிடிஆர் வகையில் இன்னும் சிக்கல். மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்தச் சிப்களுக்குள் டிக்யூஎஸ்ஸை க்ளாக்கோடு ஒட்டவைக்கும் சுற்று இல்லை. எல்பிடிடிஆர்4-இல் க்ளாக்குக்கும் டிக்யூஎஸ்ஸுக்கும் நடுவிலான தாமதம் 1.5 நானோ வினாடியிலிருந்து 3.5 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று விதிமுறையே அனுமதிக்கிறது. இரண்டு நானோ வினாடி ஊசலாட்டம்; 1600 மெகாஹெர்ட்ஸில் மூன்று சுற்றுக்கும் மேல்.

அதனால் கருவி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் கன்ட்ரோலர் பயிற்சி எடுத்துக்கொள்கிறது. நினைவகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி, கதவு திறக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளி, முதல் ஏற்றம் எங்கே வருகிறது என்று தேடுகிறது. கிடைத்ததும் அதிலிருந்து அரைச் சுற்று பின்வாங்கினால் முன்னுரையின் நடு. நினைவகமும் உதவும்: டிடிஆர்3-இல் முன்கூட்டியே தெரிந்த 0101 என்ற கோலத்தைத் தரும் ஒரு தனி முறை இருக்கிறது, டிடிஆர்4-இல் முன்னுரையைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பயிற்சி முறை இருக்கிறது. டிடிஆர்3 முதல் ஒரே பலகையிலுள்ள சிப்களுக்கு க்ளாக் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்வதால், ஒவ்வொரு எட்டுக் கம்பித் தொகுதிக்கும் தனித்தனியாக இந்தத் தேடல் நடக்கிறது. சூடு ஏறினால் கண்டுபிடித்த இடம் நகரும். நல்ல கன்ட்ரோலர் ஓடும்போதே அதைக் கவனித்துக் கதவைத் திருத்திக்கொள்ளும்.

மூடுவது இதைவிடக் கடினம் என்பது என் எண்ணம். திறக்க ஒரு முழுச் சுற்று அவகாசம் உண்டு. மூட அரைச் சுற்றுதான். 2000-களின் தொடக்கத்தில் டிடிஆர்-400-க்கு அது 2.5 நானோ வினாடி. டிடிஆர்4-3200-இல் 0.31. கன்ட்ரோலரின் சொந்தக் க்ளாக்கை நம்பி இவ்வளவு குறுகிய பொந்தில் கதவை அடைப்பது கஷ்டம். இதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கதவை மூடும் வேலையை டிக்யூஎஸ்ஸிடமே கொடுத்துவிட்டார்கள். இத்தனை தட்டு வரும் என்று முன்பே தெரியும். எண்ணிக்கொண்டே வந்து, கடைசி இறக்கம் வந்ததும் அந்த இறக்கமே ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பைத் தட்டி, அது கதவைச் சாத்துகிறது. வழித் தாமதம், சூடு, மின்னழுத்தம் எதுவானாலும் கடைசித் தட்டோடு ஒட்டியே கதவு மூடும். கடைசியாக உள்ளே வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு வருவதுபோல. அந்த ஃப்ளிப்-ஃப்ளாப் மூடிமுடிக்க எடுக்கும் நேரம் அரைச் சுற்றுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவே.

ஒன்றையடுத்து ஒன்றாக இடைவெளியே இல்லாமல் படிக்கும்போது நடுவில் பின்னுரையும் இல்லை, முன்னுரையும் இல்லை. தட்டுகள் தொடர்ந்துகொண்டே போகும். அப்போது கதவு சாத்தக் கூடாது. அதனால் எண்ணும் சுற்றுக்கு, இன்னும் வருகிறது, மூடாதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு படிப்புகளுக்கு நடுவில் ஒரே ஒரு சுற்று இடைவெளி விழும் சந்தர்ப்பம்தான் மிக நுட்பமானது. அங்கே முந்தையதின் பின்னுரையும் அடுத்ததின் முன்னுரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கன்ட்ரோலரைச் சோதிப்பவர்கள் தவறவிடக் கூடாத இடம் இது.

கதவுக்குத் துணையாக

கதவு மட்டும் போதும் என்று விடுவதில்லை. ஓய்வில் டிக்யூஎஸ்ஸை மெல்லக் கீழே இழுக்க ஒரு ரெசிஸ்டர், அதன் எதிர்க்கம்பியை மெல்ல மேலே இழுக்க இன்னொன்று என்று பல கன்ட்ரோலர்களில் வைத்திருப்பார்கள். வித்தியாசம் பூச்சியமாக நிற்காமல் ஒரு பக்கம் சாயும். பெறும் சுற்றின் உளறல் அடங்கும். பெறும் சுற்றுக்கே ஷ்மிட் பாணியில் சிறிது தயக்கம் கொடுப்பதும் உண்டு. அதிகம் கொடுத்தால் ஸ்ட்ரோப்பின் நேரம் பிசகும் என்பதால் கஞ்சத்தனமாகத்தான் கொடுப்பார்கள். முன்னுரையையே நீட்டுவது இன்னொரு வழி. டிடிஆர்4-இல் ஒன்று அல்லது இரண்டு சுற்று என்று தேர்ந்தெடுக்கலாம். டிடிஆர்5-இல் நான்கு சுற்று வரை போகலாம். கதவு திறக்க இடம் தாராளமாகும். பதிலுக்குக் கம்பியின் நேரம் கொஞ்சம் போகும்.

சிலர் வேறு மாதிரி செய்வார்கள். படிப்பு எதுவும் நடக்காத நேரத்தில் ஃபிஃபோவின் இரண்டு முட்களையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிடுவது. கிளிட்ச் வந்தாலும் சேதம் அந்த ஒரு தடவையோடு நிற்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் கதவு சரியில்லாத சுற்றில் இதைப் போட்டால் நோய் மறைந்துகொள்ளும்; எப்போதோ ஒருமுறை, இடைவெளி இல்லாத நீண்ட படிப்பின்போது மட்டும் தலைகாட்டும். கதவைச் சரிசெய்துவிட்டு அப்புறம் இதைச் சேர்ப்பதுதான் முறை.

கண்ணுக்குத் தெரியாத கிளிட்ச்

கற்றுக்கொள்பவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று: சிமுலேட்டரில் எல்லாம் சரியாக ஓடும். காரணம், எழுதிய நிரலை அப்படியே ஓட்டும்போது கேட்களின் தாமதம் கணக்கில் வருவதே இல்லை. தாமதம் இல்லையென்றால் கிளிட்சும் இல்லை. தாமதத்தைச் சேர்த்தாலும் ஒரு கண்ணி உண்டு. சுற்றுகளை விவரிக்கும் விஎச்டிஎல் மொழியில் தாமதத்தோடு எழுதும் சாதாரண ஒதுக்கீடு, அந்தத் தாமதத்தைவிடக் குறுகிய துடிப்பை இயல்பாகவே விழுங்கிவிடும். அதாவது சிமுலேட்டருக்குள்ளேயே நீங்கள் கேட்காத ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. எல்லாத் துடிப்பையும் பார்க்க வேண்டுமென்றால் டிரான்ஸ்போர்ட் என்ற சொல்லை வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

அலைக்காட்டியும் சத்தியசந்தன் அல்ல. புரோப்பைக் கம்பியில் வைத்த மாத்திரத்தில் பழுது காணாமல் போகும். எடுத்தால் திரும்பி வரும். புரோப்பின் முனையில் சில பிக்கோஃபாரட் கொள்ளளவு இருக்கிறது. அந்த வேகத்தில் அதுவே ஒரு வடிகட்டி.

ஆகவே பலசமயம் தரவைப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு பிட் அங்குமிங்கும் புரண்டிருந்தால் அது வேறு நோய். தரவுக் கம்பியிலோ பிடிக்கும் நேரத்திலோ கோளாறு. எண்கள் முழுசாக இருந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால் ஸ்ட்ரோப்பைச் சந்தேகியுங்கள். அதற்கு ஏற்ற சோதனை வேண்டும். நினைவகம் முழுக்க 55, ஏஏ, 55, ஏஏ என்று பதினறும எண்களை மாற்றி மாற்றி எழுதிப் படிப்பது பலருக்கும் கைப்பழக்கம். இரண்டு இடம் தள்ளிப் போன 55, ஏஏ வரிசை எப்படி இருக்கும்? மறுபடி 55, ஏஏ தான். குப்பை விழுந்த இரண்டு அறைகளிலும் போன படிப்பின் எச்சமாக அதே 55, ஏஏ கிடந்தால் சோதனை தேர்ச்சி என்று சொல்லிவிடும். அந்தந்த அறையில் அதன் முகவரியையே எழுதிவைத்துப் படியுங்கள். எவ்வளவு தள்ளியிருக்கிறது, எந்தப் படிப்புக்குப் பின் தள்ளத் தொடங்கியது என்பது முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.